விலக்குப் பட்டியலில் சி டிரைவ்

எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் ஒரு கணினி இருக்கிறது. போன செமஸ்டரில் ஒரு திங்கட்கிழமை யாரோ அதில் ஒரு பென் டிரைவைச் செருகினார்கள். புதன்கிழமைக்குள், அங்கே செருகப்பட்ட எல்லாப் பென் டிரைவிலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. அதே வாரம் விஸ்காம் இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் இன்ஸ்டாகிராம் கணக்கு, அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கிரிப்டோவில் பணத்தை இரட்டிப்பாக்கச் சொல்லி ஸ்டோரி போட்டது. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வச்சிடலாமா?"

வேண்டாம் சார் என்றேன். கூட்டம் என்றால் பேனர், பொன்னாடை, ஒரு மணி நேரப் பேச்சு, கடைசியில் குரூப் போட்டோ. அதில் ஒரு போன்கூடச் சரியாகாது. அதற்குப் பதில் சனிக்கிழமை மதியம் லேபைத் திறந்து வைக்கிறேன், சந்தேகம் இருக்கிறவர்கள் போனையோ லேப்டாப்பையோ கையோடு கொண்டுவரட்டும் என்றேன். அப்படி மூன்று சனிக்கிழமை நடந்தது.

நான் அங்கே லேப் பொறுப்பாளன். வைரஸ் ஆராய்ச்சியாளன் எல்லாம் இல்லை. பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுப்பதில் தொடங்கி சர்வர் வரை பார்க்கிற ஆள். அதனால் இதில் பெரிய நுட்பம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் செய்த இரண்டு தப்புகளும் இதில் இருக்கின்றன.

மேசையில் என்ன வைத்தோம்

கல்லூரி நெட்வொர்க்கோடு இணைக்காத பழைய டெஸ்க்டாப் ஒன்று. அதில் லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம். ஒரு டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. லினக்ஸும் விண்டோஸ் 11 நிறுவல் கோப்பும் ஏற்றிய பென் டிரைவ். ஜங்ஷன் பாக்ஸ் இரண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு. இவற்றோடு கேமராவில் போடுகிற பெரிய அளவு எஸ்டி கார்டு ஒன்றும், கார்டு ரீடரும்.

அந்த எஸ்டி கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற அளவுக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் தாழ்ப்பாள் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்டில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். கிருமி பிடித்த லேப்டாப்பில் கருவிகளைக் கொண்டுபோக இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அந்தத் தாழ்ப்பாளைக் கார்டு மதிப்பதில்லை, ரீடர்தான் மதிக்கிறது. சில மலிவு ரீடர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வாங்கியதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஒரு கோப்பை அழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னிடம் இருந்த இரண்டு ரீடரில் ஒன்று கண்டுகொள்ளாத ரகம்.

இரண்டு விதிகளைக் கதவில் எழுதி ஒட்டினேன். பாஸ்வேர்டை உரியவர்தான் அடிக்க வேண்டும், அந்த நேரத்தில் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கேலரியையோ சாட்டையோ நாங்கள் திறக்க மாட்டோம். மாணவிகளின் போன் எல்லாவற்றையும் லேப் உதவியாளர் அக்காதான் பார்த்தார். இந்த இரண்டாவது விதி இல்லாவிட்டால் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள் என்று அக்கா பிறகு சொன்னார்.

முதல் சனி

பென் டிரைவ்களை முதலில் முடித்தோம். மாணவர்கள் பயப்படுகிற அளவுக்கு இது பெரிய விஷயமில்லை. விண்டோஸில் திறந்தால் உள்ளே எல்லாமே வளைந்த அம்புக்குறி போட்ட ஒரு கேபி ஷார்ட்கட். 'ஃபைல் எல்லாம் போச்சு சார்' என்று அழாக்குறையாக வருவார்கள். அதையே லினக்ஸில் திறந்தால் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்கு ஒரு வெற்று இடைவெளியைப் பெயராக வைத்து, மறைத்தும் வைத்திருக்கிறது அந்த நிரல். உள்ளே போனால் அசைன்மென்ட், ரெக்கார்டு நோட்டு, அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும். ஷார்ட்கட்டைச் சொடுக்கும்போது ஃபோல்டரும் திறக்கும், பின்னால் ஒரு ஸ்கிரிப்டும் ஓடும். தந்திரம் அவ்வளவுதான். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளியே எடுத்து, பென் டிரைவை ஃபார்மட் செய்து, திரும்பப் போட்டுக் கொடுத்தோம். ஒன்றுக்குப் பத்து நிமிஷம்.

எங்கே செருகினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதினேன். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடை திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அப்புறம் எல்லோரையும் வாட்ஸ்அப் திறந்து 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போகச் சொன்னேன். நம் வாட்ஸ்அப் வேறு எந்தெந்தக் கணினியில் திறந்திருக்கிறது என்று அது காட்டும். லேபில் ஒரு சலசலப்பு. 'கூகுள் குரோம், விண்டோஸ்' என்று ஒன்றாவது பலருக்கு இருந்தது. பக்கத்தில் கடைசியாக இயங்கிய நேரமும் இருக்கும். ஒரு பையனுக்கு மூன்று இருந்தன. "சார், இது ஜெராக்ஸ் கடை. இது நெட் சென்டர், எக்ஸாம் அப்ளிகேஷன் போட்டப்ப. இது…" மூன்றாவது யாருடையது என்று அவனுக்கு நினைவில்லை. பிரிண்ட் எடுக்கக் கடைக் கணினியில் க்யூஆர் ஸ்கேன் செய்து உள்ளே போனவர்கள், எடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வெளியேறவில்லை. போனைத் தொடர்ந்து 14 நாள் தொடாமல் வைத்தால் அந்த இணைப்பு தானாக அறுபடும். எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் 14 நிமிஷம் தொடாமல் இருந்தாலே அதிசயம்.

ஒரு மாணவி திரையைப் பார்த்தாள், எதுவும் பேசவில்லை, ஓர் இணைப்பை அறுத்தாள். அக்காவிடம் மட்டும், "டூ ஸ்டெப் பின் எப்படிப் போடறதுக்கா?" என்று கேட்டாள். அக்கா காட்டிக்கொடுத்தார். ஆறு இலக்கம். பிறந்த தேதியை வைக்காதே என்பதை மட்டும் சொன்னாராம். அதற்கு மேல் கேட்பது எங்கள் வேலையில்லை.

கடைசியாக விஸ்காம் மாணவியின் லேப்டாப். அன்றைக்கு மீதி நேரத்தை அதுவே விழுங்கியது.

விண்டோஸ் 11, ஒரு வருடப் பழசு. விண்டோஸோடு வருகிற ஆன்டி வைரஸ் டிஃபெண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பச்சை டிக் போட்டிருந்தது. ஃபுல் ஸ்கேன் கொடுத்தேன், சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை என்றது. சாதாரணமாக அந்த இடத்தில் விட்டிருப்பேன். ஆனால் ஃபுல் ஸ்கேன் மூன்று நிமிஷத்தில் முடிந்ததுதான் உறுத்தியது. அவ்வளவு வீடியோ நிறைந்த டிஸ்கை மூன்று நிமிஷத்தில் யார் படிக்க முடியும்?

விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதி, அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே உருட்டிக்கொண்டே போனால் எக்ஸ்க்ளூஷன்ஸ். அதாவது, 'இதையெல்லாம் பார்க்காதே' என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் விலக்குப் பட்டியல். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. சி டிரைவ். முழுசாக.

வீட்டுக்குக் காவல்காரரை வைத்துவிட்டு, 'அண்ணே, நீங்க தெருவை மட்டும் பாருங்க, வீட்டுப் பக்கம் திரும்பாதீங்க' என்று சொன்ன மாதிரி.

"இதை யாரும்மா போட்டது?"

அவளுக்குத் தெரியவில்லை. பேசப் பேச வெளியே வந்தது. வீடியோ எடிட்டிங் மென்பொருளை வாங்கப் பணமில்லை. சீனியர் ஒருவர் ஒரு வீடியோ லிங்க் கொடுத்திருக்கிறார். அதன் கீழே டவுன்லோடு. ஜிப் கோப்பு, பாஸ்வேர்டு 1234. கூடவே ஒரு குறிப்பு: நிறுவுவதற்கு முன் ஆன்டி வைரஸை நிறுத்தவும், இல்லையென்றால் கிராக் வேலை செய்யாது. அவள் நிறுத்தியிருக்கிறாள், அட்மின் அனுமதி கேட்ட பெட்டிக்கு 'யெஸ்' கொடுத்திருக்கிறாள். மற்றதை அந்த நிரலே பார்த்துக்கொண்டது. ஜிப்புக்கு ஏன் பாஸ்வேர்டு என்று அவளும் யோசிக்கவில்லை, சீனியரும் யோசிக்கவில்லை. பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் ஸ்கேனரால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான் அந்த 1234.

விலக்கை நீக்கி மறுபடி ஸ்கேன் விட்டேன். இந்த முறை ஒன்றரை மணி நேரம் ஓடியது. மூன்று கோப்புகளைப் பிடித்தது. அதில் ஒன்று பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகிற ரகம். ஸ்டீலர் என்பார்கள். மூன்றையும் அழித்தேன், லேப்டாப்பை மறுதொடக்கம் செய்தேன், அதே லேப்டாப்பில் அவளை உட்கார வைத்து இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். எல்லாம் முடிந்தது என்று ஆளை அனுப்பிவிட்டேன்.

முதல் தப்பு அதுதான். செவ்வாய்க்கிழமை கணக்கு மறுபடி போனது. கழுவாத சட்டியில் புதுப் பாலை ஊற்றினால் திரியத்தானே செய்யும்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை

குக்கி விஷயம் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேனே, பிறகு எப்படி என்று கேட்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பு விடுகிற டோக்கனை உதாரணம் சொன்னேன். டோக்கனைக் காட்டினால் செருப்பைக் கொடுத்துவிடுவார்கள், நீ யார் என்று கேட்க மாட்டார்கள். ஒரு தளத்தில் நுழைந்ததும் பிரவுசருக்கு அப்படி ஒரு டோக்கன் கிடைக்கிறது. ஸ்டீலர் அந்த டோக்கனின் நகலை அனுப்பிவிட்டால், திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 'எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு' என்று அழுத்தும்போதுதான் கொடுத்த டோக்கன்கள் செல்லாமல் போகின்றன.

ஆக வரிசை முக்கியம். முதலில் சந்தேகம் இல்லாத வேறொரு சாதனம். அவளுக்கு அது அவள் போன். அதில் முதலில் மெயில், பிறகுதான் இன்ஸ்டாகிராம். மெயில் திருடன் கையில் இருக்கும்வரை, மற்ற கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' கடிதம் எல்லாம் அவனுக்குத்தான் போகும். ஒவ்வொன்றிலும் எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றம், புதுப் பாஸ்வேர்டு, நுழையும்போது கேட்கிற மாறும் எண்ணைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி. கூகுள் தருகிற பத்து பேக்அப் எண்களைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். அந்த ரெகவரிப் பகுதியில் தெரியாத போன் எண் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. அதை நீக்கியபிறகுதான் கணக்கு நிலையாக நின்றது.

லேப்டாப்பை அந்த வாரம் முழுக்க இணையத்தோடு இணைக்கவே கூடாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். முழுசாக அழித்து விண்டோஸை மறுபடி போடுவது என்று முடிவு.

ஜெராக்ஸ் கடை

வியாழன் மாலை கடைக்குப் போனேன். திட்டப் போகவில்லை. பிள்ளைகள் அனைவரும் போகிற இடம் அது, அங்கே சரிசெய்தால் ஊரே சரியாகும் என்ற கணக்கு. கடைக்கார அண்ணன் முதலில் கொஞ்சம் முறுக்கினார். "சார், ஒரு நாளைக்கு எத்தனை பென் டிரைவ் வருது தெரியுமா? எவன் என்ன கொண்டாந்து சொருகுறான்னு நான் பாக்க முடியுமா?" நியாயம்தான். அவர் கணினியும் அதே நோயில்தான் கிடந்தது. தினமும் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே செய்த வேலையில் எனக்குப் பிடித்தது குரோம் ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் ஐகானின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, டார்கெட் என்ற பெட்டியில் இருக்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு மைனஸ் குறியும் 'கெஸ்ட்' என்ற சொல்லும் சேர்த்தேன். இனி அந்த ஐகானைச் சொடுக்கினால் விருந்தினர் சாளரம்தான் திறக்கும். மாணவர் வாட்ஸ்அப் திறக்கலாம், மெயில் திறக்கலாம். எல்லாச் சாளரத்தையும் மூடினால் உள்நுழைவு எல்லாம் கழுவிவிட்டது போலப் போய்விடும். வெளியேற மறந்தாலும் பாதகமில்லை.

ஆனால் டவுன்லோடு ஆன கோப்புகள் போகாது. அவர் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டினார். ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம், யாரோ ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட். உருட்ட உருட்ட முடியவே இல்லை. அவருக்கே சங்கடமாகிவிட்டது. விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸில், டவுன்லோட்ஸில் ஒரு நாளுக்கு மேல் திறக்காமல் கிடக்கும் கோப்புகளை அழித்துவிடச் சொல்லி ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டேன். பழையவற்றை அவரே உட்கார்ந்து அழித்தார், குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன். ஆதார் நகல் கேட்கிற இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். முழு எண்ணையும் ஊரெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

கணினியைச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் அண்ணன் ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால், 'பென் டிரைவ் வேண்டாம். வாட்ஸ்அப், மெயில் மட்டும்' என்று எழுதி மானிட்டர் மேல் ஒட்டினார். நான் சொல்லி எழுதியதில்லை, அவராகவே.

இரண்டாவது சனி

விஸ்காம் லேப்டாப்பை அழிப்பதற்கு முன் அவளுடைய புராஜெக்ட் வீடியோக்களை வெளியே எடுக்க வேண்டும். கிருமி பிடித்த விண்டோஸைத் திறக்காமல், லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து எடுக்கலாம் என்று நினைத்தேன். என் பென் டிரைவ் பூட் ஆகவில்லை. சரி என்று, விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போய், நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடுகிற செக்யூர் பூட்டை அணைத்தேன். லினக்ஸ் வந்தது. சி டிரைவைச் சொடுக்கினால் பூட்டுப் படம், சாவி கேட்டது. டிஸ்க் முழுவதும், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி, விண்டோஸின் பிட்லாக்கரில் பூட்டியிருந்தது. விண்டோஸுக்கே திரும்பலாம் என்று ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரை. 48 இலக்க ரெகவரி சாவியைக் கொடு என்றது.

இது இரண்டாவது தப்பு. பயாஸில் கை வைப்பதற்கு முன், டிஸ்கை இப்படிப் பூட்டுகிற டிவைஸ் என்க்ரிப்ஷன் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழையும்போதே இது தானாக இயங்கிவிடுகிறது. உரியவருக்குத் தெரியவே தெரியாது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

"உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் எதும்மா?"

"அப்படின்னா சார்?"

எனக்கு வியர்த்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் மறுபடி பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டைப் பழையபடி இயக்கினேன். சேமித்தேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்தது. பூட் அமைப்பு மாறியதால்தான் லேப்டாப்புக்குள் சாவியைக் காக்கிற சிப் அதைத் தர மறுத்தது, பழையபடி ஆனதும் கொடுத்துவிட்டது. அதற்குள் இரண்டு பேர் டீ வாங்கிக்கொண்டு வந்து எனக்கு நீட்டினார்கள். என் முகத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

உள்ளே போய்ப் பார்த்தால், அந்த லேப்டாப்பின் மைக்ரோசாஃப்ட் கணக்கு அவளுடையதே அல்ல. லேப்டாப் விற்ற கடையின் பெயரில் ஒரு மெயில், பின்னால் ஓர் எண். கடையில் வாங்கிய எல்லோருக்கும் அந்த ஒரே கணக்கில் போட்டுக் கொடுத்திருப்பார் போல. அவரை வில்லனாக்க மாட்டேன். விண்டோஸ் 11 முதல் அமைப்பின்போது கணக்கு கேட்கும், வாங்க வந்த அப்பாவுக்கு மெயில் இருக்காது, பெண்ணுக்குப் பாஸ்வேர்டு நினைவிருக்காது, கடையில் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். ஆனால் விளைவு என்ன? அவள் டிஸ்கின் சாவி யாரோ ஒருவரின் கணக்கில் கிடக்கிறது. நாளைக்கு மதர்போர்டு பழுதானால் அவள் மூன்று வருடப் படிப்பும் பூட்டுக்குள்.

அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ட் திறந்து, மேனேஜ்-பிடிஇ கட்டளையில் சாவியைக் கேட்டேன். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு இலக்கம். ஒருவர் படிக்க ஒருவர் எழுத, பிறகு ஆள் மாற்றி ஒரு முறை சரிபார்த்தோம். செக்யூர் பூட்டை மறுபடி அணைத்து, லினக்ஸில் அந்தச் சாவியைக் கொடுத்ததும் டிஸ்க் திறந்தது. வீடியோ, படம், ஆவணம் மட்டும் எடுத்தோம். நிரல் கோப்பு ஒன்றுகூட எடுக்கவில்லை.

பிறகு எல்லாப் பிரிவுகளையும் அழித்துப் புதிய விண்டோஸ். லேப்டாப்போடு வந்த உரிமம் மதர்போர்டிலேயே இருப்பதால் சாவி எதுவும் கேட்கவில்லை. 'ஆக்டிவேட் பண்ணணுமா சார்?' என்று ஒரு பையன் திருட்டு ஆக்டிவேட்டர் வைத்திருந்த பென் டிரைவை நீட்டினான். அவனை அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து அவன் விலக்குப் பட்டியலைப் பார்த்தோம். அவனுக்கு டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் விலக்கில் இருந்தது. முன்னேற்றம்தான்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பைப் போட்டோம். முதலில் முகம் சுளித்தாள். கீபோர்டு அமைப்பில் அவள் பழகிய மென்பொருளின் குறுக்கு விசைகளையே தேர்ந்தெடுக்கலாம் என்று காட்டியதும் கொஞ்சம் இறங்கி வந்தாள். எட்டு ஜிபி ராமில் அது திணறும், பெரிய வீடியோவுக்கு ப்ராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல், போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். இலவசமாகக் கிடைப்பதை வைத்து எப்படி வேலை செய்வது என்று காட்டாமல், கிராக் போடாதே என்று மட்டும் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. செமஸ்டர் ஃபீஸுக்கே தவணை கேட்கிற பிள்ளைகள் இவர்கள்.

பத்திரிகை வைத்த போன்

அதே மதியம் பிகாம் முதலாமாண்டு பையன் ஒருவன் போனை நீட்டினான். பள்ளித் தோழன் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்ததாம். தொட்டான். 'தெரியாத செயலியை நிறுவ அனுமதியா' என்று கேட்டது, கொடுத்தான். எஸ்எம்எஸ் அனுமதி கேட்டது, கொடுத்தான். பத்திரிகை மட்டும் திறக்கவில்லை. மறுநாள் அவன் எண்ணிலிருந்து எல்லாக் குரூப்புக்கும் அதே பத்திரிகை போயிருந்தது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வந்திருந்த 1000 ரூபாயில் 940 காணோம்.

பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது செயலி. இதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

முதலில் ஏரோபிளேன் மோட். சிம்மைக் கழற்றி அக்காவின் பழைய பட்டன் போனில் போட்டோம். அந்தப் போனிலிருந்தே வங்கியைக் கூப்பிட்டு யுபிஐயை நிறுத்தச் சொன்னான். அடுத்து 1930. இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. இவன் ஒரு நாள் விட்டுவிட்டான், வெட்கத்தில். 940 ரூபாய்க்கா புகார் என்று நண்பர்கள் கேலி செய்திருக்கிறார்கள். புகார் எண் குறுஞ்செய்தியாகப் பட்டன் போனுக்கு வந்தது. இதை எழுதும்வரை பணம் திரும்பவில்லை.

போனில் அந்தச் செயலியின் ஐகான் இல்லை. செட்டிங்ஸில் முழுப் பட்டியலையும் உருட்டியபோது, சிஸ்டம் அப்டேட் என்ற பெயரில், ஐகான் இடத்தில் சாதாரணப் பச்சைப் பொம்மையோடு உட்கார்ந்திருந்தது. அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கலாக இருந்தது, அழுத்த முடியவில்லை. டிவைஸ் அட்மின் செயலிகள் பட்டியலுக்குப் போனோம், அங்கே அது தன்னை நிர்வாகியாக்கிக்கொண்டிருந்தது. அங்கே நீக்க முயன்றால் திரை தானாகப் பின்னால் போய்விடும். மூன்று முறை அப்படியே. பவர் பட்டனைப் பிடித்து, 'பவர் ஆஃப்' எழுத்தை நீளமாக அழுத்தி சேஃப் மோடில் திறந்தோம். அதில் வெளியிலிருந்து வந்த செயலிகள் ஓடாது. நிர்வாகி உரிமையை நீக்கினோம், அப்புறம் செயலியையும் நீக்கினோம்.

அதோடு விட எனக்கு மனம் ஒப்பவில்லை. போட்டோக்களை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யலாம் என்றேன். ரீசெட் ஆனதும் போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கலாம். அதனால் அதற்கு முன் ஒரு கேள்வி. "தம்பி, போன்ல இருக்கிற கூகுள் கணக்கோட பாஸ்வேர்டு தெரியுமா?"

தலையைச் சொறிந்தான். மொபைல் கடை அண்ணன் போட்டுக் கொடுத்ததாம்.

மூன்றாவது சனி

கூட்டம் குறைவு. சில்லறை வேலைகள். ஒரு பையனின் லேப்டாப் மூலையில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்' என்று நிமிஷத்துக்கொரு முறை எட்டிப் பார்த்தது. வைரஸே இல்லை, ஏதோ ஒரு படம் பார்க்கும் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருந்தான். குரோம் அமைப்பில் அந்தத் தளத்தை நீக்கினோம், பேச்சு நின்றது. சிலர் நட்சத்திரம், ஹேஷ், 21, ஹேஷ் அடித்து, தங்கள் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் இருக்கும் சிம்களைப் பார்த்த ஒருவனுக்கு, இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. மூன்றாவதை 'என்னுடையதில்லை' என்று அங்கேயே பதிவு செய்தான்.

பாஸ்வேர்டு பேச்சில் கொஞ்சம் சண்டை வந்தது. பாதிப் பேருக்குக் கல்லூரி போர்ட்டல் பாஸ்வேர்டு இன்னும் பிறந்த தேதிதான். பாஸ்வேர்டு மேனேஜர் போடுங்கள் என்றார் இன்னொரு ஆசிரியர். நல்லதுதான். ஆனால் அதன் மாஸ்டர் பாஸ்வேர்டையே மறந்துவிட்டு வருகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். ஒரு டைரியில் எழுதி டிரங்குப் பெட்டியில் பூட்டி வை என்று சொன்னதற்கு, 'என்ன சார், நீங்களே இப்படிச் சொல்றீங்க' என்றார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவன் உன் ஹாஸ்டல் பெட்டியைத் திறக்க வர மாட்டான். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட அந்த டைரி எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒரு பையன் துணிப்பையில் சுற்றி ஒரு லேப்டாப் கொண்டுவந்தான். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது வந்த அரசு இலவச லேப்டாப். அதில் விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. விண்டோஸ் 11 இந்த வன்பொருளில் ஏறாது. விண்டோஸ் 10 போட்டாலும் அதற்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. புதிது வாங்கச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, லேபில் சும்மா கிடந்த 120 ஜிபி எஸ்எஸ்டியைப் போட்டு, பழைய கணினிக்கு ஏற்ற, எடை குறைந்த லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினோம். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தோம். முதல் வரியாக அவன் பெயரைத் தட்டிப் பார்த்தான். பாட்டரி முக்கால் மணி நேரம் தாங்குகிறது.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி மட்டும் அதில் ஓடாது. அவனுக்கு அடுத்த செமஸ்டர் டேலி பேப்பர் இருக்கிறது. லேபில் ஒன்பதாம் நம்பர் சிஸ்டத்தை மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை அவன் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன்.